பாடசாலைக் கமராவுக்குக் காசு சேர்க்கும் உறவுகளுக்கு: லென்ஸ் சத்தம் போடுமா என்று முதலில் கேளுங்கள்



கொஞ்சம் நீண்ட பதிவு. காசு தருவதாகச் சொன்னவர்கள், தருவதற்கு முன் ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

பாடசாலைக்கு ஒரு மிரர்லெஸ் கமரா வாங்க வேண்டும் என்று பழைய மாணவர்கள் காசு திரட்டத் தொடங்கியிருக்கிறார்கள். நல்ல காரியம், அல்லாஹ் பரக்கத் செய்வானாக. வட்ஸ்அப் குழுவில் மூன்று நாட்களாக இதே பேச்சுத்தான். சொனியா, கெனனா, நிகோனா? 4கே எடுக்குமா? எத்தனை மெகாபிக்சல்? வெளிநாட்டில் இருக்கும் நானாமார் இரவு இரண்டு மணிக்கும் யூடியூப் லிங்க் அனுப்புகிறார்கள். நாங்கள் எல்லாவற்றையும் மேலிருந்து கீழே வாசித்துப் பார்த்தோம். லென்ஸைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார், அதுவும் "கிட் லென்ஸ் சும்மா வருமா?" என்று. ஒலியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

பாடசாலையில் வீடியோ வேலைகளைப் பார்க்கும் ஆசிரியர்கள் என்ற வகையில் எங்கள் கருத்தை நேராகவே சொல்கிறோம். கமரா உடல் எதுவாக இருந்தாலும் பெரிய வித்தியாசம் வரப்போவதில்லை. இன்று கடையில் இருக்கும் எந்தக் கம்பனியின் கமராவும் எங்கள் தேவைக்குப் போதும். சிக்கல் லென்ஸில் இருக்கிறது. அதற்குள் இருக்கும் சின்ன மோட்டர், போகஸ் தேடும்போது சத்தம் போடுமா போடாதா என்பதுதான் நாங்கள் எடுக்கப்போகும் வீடியோக்கள் பத்து வருடத்துக்குப் பிறகும் கேட்கக்கூடியவையா என்பதை முடிவு செய்யும்.

"இது என்ன பெரிய விஷயம், கலியாண வீடியோ எடுக்கும் பொடியன்மார் ஒருநாளும் இதைப் பேசவில்லையே" என்று கேட்பீர்கள். அவர்கள் பேசமாட்டார்கள். கலியாண வீடியோவில் மூலச் சத்தத்தை அப்படியே வெட்டி எறிந்துவிட்டு ஒரு நஷீதைப் போட்டுவிடுவார்கள். லென்ஸ் உறுமினாலும் யாருக்குக் கேட்கும்? நாங்கள் எடுக்கப்போவது வேறு. தரம் மூன்று பிள்ளை மேடையில் நடுங்கிய குரலில் கதை சொல்வது, தமிழ்த் தினப் போட்டிக்கான நாடகம், விஞ்ஞான பாடம், அதற்கெல்லாம் மேலாக ஊரின் மூத்தவர்களின் நினைவுகள். இவற்றிலிருந்து குரலை எடுத்துவிட்டால் மிச்சம் ஒன்றுமில்லை.

மூத்தவர்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கமராவுக்கான உண்மையான காரணம் எங்களைப் பொறுத்தவரை அதுதான். கண்டிக்கு ரயில் வந்தது 1867 இல் என்று புத்தகத்தில் இருக்கிறது. டோசன் கோபுரம் 1832 ஆம் ஆண்டு என்று எந்தப் பிள்ளையும் சொல்லும். எங்கள் ஊரில் ரயில்வே நூதனசாலையும் இருக்கிறது, பழைய எஞ்சின்களைத் தொட்டே பார்க்கலாம். ஆனால் அந்த ஏற்றத்தில் ரயில்வேயில் வேலை செய்தவர் என்ன சாப்பிட்டார், மழையில் எங்கே ஒதுங்கினார், நோன்பு காலத்தில் இரவு வேலையை எப்படிச் சமாளித்தார் என்பது எந்த நூதனசாலையிலும் இல்லை. அது எண்பது கடந்த சிலரின் வாயில் மட்டும் இருக்கிறது. அவர்களில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள் என்று நீங்களே விரல்விட்டு எண்ணிப் பாருங்கள்.

போன வருடம் ஒரு குடும்பத்தார் எங்களிடம் ஒரு வீடியோ கொண்டுவந்தார்கள். அவர்களுடைய வாப்பாவை, வெளியிலிருந்து ஆள் பிடித்து, நல்ல கமரா வைத்து எடுத்திருந்தார்கள். படம் அருமை. முகத்தின் ஒவ்வொரு சுருக்கமும் தெரிந்தது. அவர் மெதுவாகப் பேசும் மனிதர், ஒரு வசனத்துக்கும் அடுத்ததுக்கும் இடையில் யோசிப்பார். அந்த ஒவ்வொரு இடைவெளியிலும் "கிர்ர்… கிர்… டிக்" என்று ஒரு சத்தம். அவர் பேசும்போது அது கேட்கவில்லை, மௌனமாகும்போது மட்டும் கேட்டது. "இதை எடுத்துவிட முடியுமா சேர்?" என்று மகன் கேட்டார். கணினியில் முயன்று பார்த்தோம். சத்தம் குறைந்தது, கூடவே அவருடைய மூச்சும் சொற்களின் ஓரங்களும் தேய்ந்து, தகரப் பேணிக்குள் இருந்து பேசுவது போலாகிவிட்டது. வாப்பா மௌத்தாகி அப்போது நான்கு மாதம். திரும்ப எடுக்க வழியில்லை.

ஏன் மௌனத்தில் மட்டும் கேட்கிறது? இதை விளங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கும். கமராக்களில் ஒலி அளவைத் தானாகச் சரிசெய்யும் வசதி ஒன்று உண்டு. சத்தம் கூடினால் குறைக்கும், குறைந்தால் கூட்டும். பேசுபவர் நிறுத்தியவுடன் கமரா "ஒன்றும் கேட்கவில்லையே" என்று மைக்கின் காதை அகலத் திறக்கிறது. அந்த நேரத்தில் மிக அருகில் இருக்கும் சத்தம் எது? மைக்குக்குச் சில சென்ரிமீற்றர் முன்னால் சுழலும் லென்ஸ் மோட்டர்தான். காற்றின் வழியாக மட்டுமல்ல, கமராவின் உடல் வழியாகவும் அது மைக்குக்குப் போகிறது. மேசையில் காதை வைத்துக்கொண்டு மறுமுனையில் நகத்தால் சுரண்டிப் பாருங்கள், நாங்கள் சொல்வது புரியும்.

"நம்ம ஊரில் எப்படியும் லொறிச் சத்தம்தானே" என்று ஒரு நண்பர் சிரித்தார். உண்மைதான். கொழும்பு–கண்டி வீதியில் ஏற்றத்துக்குக் கியர் மாற்றும் லொறியும், குடைந்த பாறை வளைவில் அடிக்கும் ஹோர்னும் எங்கள் ஊரின் பின்னணி இசை. ஆனால் தூரத்திலிருந்து ஒரே சீராக வரும் சத்தத்தைக் காது மன்னித்துவிடும். அது ஊரின் சத்தம், கேட்பவருக்கு இடம் விளங்கும். காதுக்குப் பக்கத்தில் ஒழுங்கில்லாமல் விட்டுவிட்டு வரும் "டிக் டிக்" அப்படியல்ல. ஒருமுறை கவனித்துவிட்டால் பிறகு அது மட்டும்தான் கேட்கும்.

இனி லென்ஸ் விஷயத்துக்கு வருவோம். இந்தச் சத்தம் ஏன் வந்தது என்றால், லென்ஸ்கள் முதலில் படம் பிடிக்க மட்டுமே செய்யப்பட்டவை. கெனன் கம்பனி 1987 இல் தன் ஈ.ஓ.எஸ். வரிசையைத் தொடங்கி ஒவ்வொரு லென்ஸுக்குள்ளும் ஒரு மோட்டரை வைத்தபோது அதன் சத்தம் யாருக்கும் ஒரு பொருட்டாக இருக்கவில்லை. படத்தில் ஒலி பதியாதே. 2008 இல் நிகோன் டீ90 வந்து, இந்த வகைக் கமராவாலும் வீடியோ எடுக்கலாம் என்று காட்டியது. ஓடும்போது தானாகப் போகஸ் பிடிக்க அதனால் முடியாது. அதே ஆண்டில் பெனசொனிக் ஜீ1 என்ற முதல் மிரர்லெஸ் கமராவும் வந்தது, அதில் வீடியோவே இல்லை. அதன் பிறகுதான் கம்பனிகள் சத்தத்தைப் பற்றி யோசிக்கத் தொடங்கின. 2012 இல் கெனன் எஸ்.டி.எம். என்ற பெயரோடு வீடியோவை மனதில் வைத்த லென்ஸ்களைக் கொண்டுவந்தது. டெம்ரொன் ஒரு வகை மோட்டருக்கு வைத்த ஆர்.எக்ஸ்.டீ. என்ற பெயரிலேயே "சத்தமில்லாத" என்ற சொல் ஒளிந்திருக்கிறது.

மோட்டர்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். பழைய வகை டீ.சி. மோட்டர், பிள்ளைகளின் விளையாட்டுக் காரில் இருப்பது போன்றது, பல்சக்கரம் வைத்துச் சுழலும். இதுதான் உறுமும் இனம். அடுத்தது அல்ட்ராசொனிக் வளைய மோட்டர். படம் எடுக்க மின்னல் வேகம், காதுக்கும் பெரிதாகக் கேட்காது, ஆனால் வீடியோவில் போகஸ் வெட்டி வெட்டி ஓடும். மூன்றாவது ஸ்டெப்பிங் மோட்டர், சின்னச் சின்னப் படிகளாக மெதுவாக நகரும். நான்காவது லீனியர் மோட்டர், சுழற்சியே இல்லாமல் காந்த விசையால் கண்ணாடியை நேராக முன்பின் தள்ளும். கடைசி இரண்டும்தான் எங்களுக்கு வேண்டியவை.

ஆனால் பெட்டியில் இருக்கும் எழுத்தைப் பார்த்து மட்டும் நம்பிவிடாதீர்கள். எஸ்.டி.எம். என்ற ஒரே பெயரில் கெனனிடம் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று திருகாணி போன்ற தண்டில் ஓடுவது, இது அமைதியானது. மற்றது லென்ஸைச் சின்னதாக்குவதற்காகப் பல்சக்கரம் வைத்தது, இதன் சத்தம் அமைதியான அறையில் கேட்கும்.

இங்கேதான் எங்கள் குழுவில் எல்லோரும் சொல்லும் "50 எஃப் 1.8 ஒன்று எடுத்துப் போடுங்க, மலிவு, பின்னணி நல்லா மங்கும்" என்ற ஆலோசனை இடிக்கிறது. மலிவான 50 மில்லிமீற்றர் லென்ஸ் படம் பிடிக்கப் பொக்கிஷம், அதில் சந்தேகமில்லை. ஆனால் சத்தம் போடும் லென்ஸ்களின் பட்டியலை எழுதினால் முன்வரிசையில் நிற்பவையும் இவைதான். கெனனின் பழைய ஈ.எஃப். 50 எஃப் 1.8 இரண்டாம் பதிப்பு, 1990 இலிருந்து உலகம் முழுக்க விற்றது, தேனீக் கூடு மாதிரி இரையும். கண்டியில் பாவித்த சாமான் விற்கும் இடங்களில் இன்றும் கிடைக்கும், அடப்டர் போட்டு மிரர்லெஸ்ஸில் மாட்டலாம் என்று ஆசையும் காட்டுவார்கள். 2015 இல் வந்த அதன் எஸ்.டி.எம். பதிப்பு எவ்வளவோ மேல், ஆனாலும் பல்சக்கர வகைதான். மிரர்லெஸ்ஸுக்காக 2020 இல் வந்த ஆர்.எஃப். 50 எஃப் 1.8 உம் அதே வகைதான். சொனியின் எஃப்.ஈ. 50 எஃப் 1.8, 2016 இல் வந்த நவீன லென்ஸ், உள்ளே இருப்பதோ பழைய டீ.சி. மோட்டர். சொனி என்ற பெயரையும் வருடத்தையும் பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான். அதே சொனி அடுத்த ஆண்டு விட்ட 85 எஃப் 1.8 இல் இரண்டு லீனியர் மோட்டர்கள், பக்கத்தில் நின்றாலும் கேட்காது. நிகோன் மட்டும் தன் இசட் 50 எஃப் 1.8 எஸ் லென்ஸைப் பெரிதாகவும் விலை கூடுதலாகவும் செய்து, ஸ்டெப்பிங் மோட்டர் வைத்தது.

புஜிபில்ம்காரர்கள் கோபிக்க வேண்டாம், உங்களுக்கும் ஒரு உதாரணம். 2012 இல் வந்த 35 எஃப் 1.4 லென்ஸைப் பற்றிக் காதல் கவிதையே எழுதுவார்கள். அதில் போகஸுக்காகக் கண்ணாடித் தொகுதி முழுவதும் முன்பின் நகர வேண்டும், பாரம் கூட, சத்தமும் கூட. 2015 இல் வந்த 35 எஃப் 2, உள்ளே இருக்கும் சின்னக் கண்ணாடிகளை மட்டும் ஸ்டெப்பிங் மோட்டரால் நகர்த்துகிறது. வெளிச்சம் கொஞ்சம் குறைவாக வாங்கும், விலையும் குறைவு, வீடியோவுக்கு இதுதான் சரி.

லீனியர் மோட்டர் பற்றி ஒரு சின்ன எச்சரிக்கை. அவற்றில் சிலவற்றைக் கமரா அணைந்திருக்கும்போது மெல்ல ஆட்டினால் உள்ளே "கடக்" என்று ஏதோ உருளும். உடைந்த லென்ஸைத் தந்துவிட்டார்கள் என்று கடைக்காரருடன் சண்டைக்குப் போகாதீர்கள். மின்சாரம் இல்லாதபோது அந்தக் கண்ணாடியைப் பிடித்துவைக்க ஒன்றும் இல்லை, அதனால் ஆடுகிறது. கமராவைப் போட்டால் நின்றுவிடும்.

எங்கள் தேவைக்கு என்ன லென்ஸ்? பாடசாலை மண்டபமும் வகுப்பறையும் வீட்டுத் திண்ணையும்தான் எங்கள் களம். சிறிய சென்சர் உள்ள கமராவானால் சிக்மாவின் 18–50 எஃப் 2.8 எங்கள் முதல் தெரிவு. 2021 இல் வந்தது, ஸ்டெப்பிங் மோட்டர், கைக்குள் அடங்கும், சொனிக்கும் புஜிக்கும் கெனனுக்கும் தனித்தனியாக உண்டு. பெரிய சென்சரானால் டெம்ரொன் 28–75 எஃப் 2.8, முதல் பதிப்பே போதும். அவ்வளவு காசு சேராவிட்டால் கமராவோடு வரும் கிட் லென்ஸையே வைத்துக்கொள்வோம். வெளிச்சம் குறைவாக வாங்கும், ஆனால் இப்போது வரும் கிட் லென்ஸ்களில் பெரும்பாலானவை அமைதியானவை. விலை கூடிய சத்தக்கார லென்ஸை விட, யன்னலைத் திறந்துவிட்டு இந்த மலிவுக் கிட் லென்ஸில் எடுப்பது மேல்.

"நல்ல மைக் வாங்கினால் லென்ஸ் சத்தம் எங்கே கேட்கப்போகிறது?" இது எங்களுக்குள்ளேயே நடந்த வாதம். பாதி சரி. நெஞ்சில் குத்தும் சின்ன மைக்கும் வாயும் ஒரு சாண் தூரம், லென்ஸோ இரண்டு மீற்றருக்கு அப்பால். திறந்த இடத்தில் தூரம் இரண்டு மடங்காகும் ஒவ்வொரு முறையும் ஒலி 6 டெசிபல் இறங்கும். அங்கே லென்ஸ் சத்தம் மைக்குக்கு எட்டுவதே அரிது. ஆகவே காசில் முதல் பங்கு மைக்குக்கு என்பதில் எங்களுக்கும் உடன்பாடு. மீதிப் பாதி என்னவென்றால், எல்லா இடத்திலும் மைக் குத்த முடியாது. நாடகத்தில் பதினைந்து பிள்ளைகள், பதினைந்து மைக்குக்கு எங்கே போவது? எங்கள் மூத்தம்மாமாரின் உடையில் மைக் குத்துவது எடுக்கும் ஆளுக்கும் சங்கடம், அவர்களுக்கும் சங்கடம். அவர்கள் தாங்களாகவே குத்திக்கொண்டாலும் முந்தானை உரசி "சர் சர்" என்று வரும். அப்போது மைக்கை மேசையில் வைக்க வேண்டும், அல்லது கமராவின் தலையில். கமராவின் தலையில் வைத்தால் லென்ஸ் மீண்டும் பக்கத்து வீட்டுக்காரர்.

இன்னொன்று, ஒரு சதமும் செலவில்லாதது. உட்கார்ந்து பேசும் மனிதருக்குத் தானியங்கிப் போகஸே தேவையில்லை. ஒருமுறை கண்ணில் போகஸ் பிடித்துவிட்டு அதை அணைத்துவிடுங்கள். மோட்டர் நகராது, சத்தமும் இல்லை, இரையும் பழைய லென்ஸும் ஊமையாகிவிடும். எஃப் 4 அளவில் வைத்தால் அவர் கொஞ்சம் முன்பின் அசைந்தாலும் படம் பெரிதாக மங்காது. ஒலியின் தானியங்கி வசதியையும் அணைத்து, அளவைக் கையால் வையுங்கள். அந்த வாப்பாவின் வீடியோவை எடுத்தவர் இந்த இரண்டையும் செய்திருந்தால், இருந்த லென்ஸே போதுமாக இருந்திருக்கும். தானியங்கிப் போகஸ் வேண்டியது அசையும் இடத்துக்கு: கரும்பலகைக்கும் மேசைக்கும் இடையில் நடக்கும் ஆசிரியர், மேடையில் ஓடும் பிள்ளைகள்.

2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடியபோது நாங்கள் கைத்தொலைபேசியில்தான் பாடம் எடுத்தோம். அதன் போகஸ் மோட்டர் அவ்வளவு சின்னது, சத்தம் கேட்காது. "அப்படியென்றால் போனே போதுமே" என்பவர்களுக்கு: ஆம், பல வேலைக்குப் போதும். சத்தம் போடும் மிரர்லெஸ்ஸை விட, குத்தும் மைக்கோடு ஒரு போன் மேல் என்று எழுதித்தரவும் தயார். மங்கலான மண்டபத்தின் பின்வரிசையிலிருந்து மேடையில் நிற்கும் ஒரு பிள்ளையின் முகத்தை எடுக்க வேண்டி வரும்போதுதான் போன் கைவிரிக்கும்.

கடைக்குப் போகிறவர்கள் ஒரு ஹெட்போனும் மெமரி கார்டும் கொண்டுபோங்கள். கடையின் வாசலில் நின்று பார்க்காதீர்கள், கண்டி நகரத்து இரைச்சலில் சிங்கம் கர்ஜித்தாலும் கேட்காது. உள்ளே அமைதியான மூலையைக் கேட்டு வாங்குங்கள். வீடியோவில் தொடர் போகஸைப் போட்டு, கையை லென்ஸுக்கு அருகிலும் பிறகு தூரச் சுவரிலும் மாறி மாறிக் காட்டி ஒரு நிமிடம் பதியுங்கள். வாய் திறக்க வேண்டாம். பிறகு ஹெட்போனில் கேளுங்கள். வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் திருப்பிப் பார்த்தால் அபேச்சர் இதழ்கள் "டிக்" என்று நகர்வதும் தெரியவரும். முகம் சுளிக்கும் கடைக்காரரிடம் வாங்கத் தேவையில்லை. 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியதன் பிறகு, ஒரு லென்ஸ் என்பது ஒரு ஆசிரியரின் பல மாதச் சம்பளம். ஐந்து நிமிடம் சோதித்துப் பார்க்கும் உரிமை எங்களுக்கு இருக்கிறது.

வாங்கிய பிறகு எங்கே வைப்பது? இதையும் இப்போதே பேசிவிட வேண்டும். அதிபர் அறை அலுமாரியில் பூட்டி வைத்தால் இரண்டு மழைக்காலத்தில் கண்ணாடிக்குள் பூஞ்சை பூத்துவிடும், எங்கள் ஊரின் பனியும் ஈரமும் அப்படி. காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே சிலிக்கா பைகள், மாதத்துக்கு இரண்டு தடவையாவது வெளியே எடுத்துப் பாவனை. பெட்டியின் திறப்பு ஊடகக் கழகப் பிள்ளைகளிடமும் ஒன்று இருக்க வேண்டும். "பிள்ளைகள் உடைத்துவிடுவார்கள்" என்பவர்களோடு வாதிட நாங்கள் ஆயத்தம். பாவிக்காமல் பழுதான கணினிகள் எத்தனை என்று எல்லோருக்கும் தெரியும்.

ஆகவே எங்கள் வேண்டுகோள்: திரளும் காசை மைக், லென்ஸ், கமரா உடல் என்ற வரிசையில் பிரியுங்கள். உடல் பாவித்ததாக இருந்தாலும் பரவாயில்லை. பழைய மாணவர்களின் அடுத்த கூட்டத்துக்கு நாங்கள் இரண்டு லென்ஸ்கள் இரவல் வாங்கிக்கொண்டு வருகிறோம், ஒன்று இரையும் 50, மற்றது அமைதியானது. மண்டபத்தின் மின்விசிறியை நிறுத்திவிட்டு இரண்டிலும் ஒரே ஆளைப் பதிந்து காட்டுவோம். ஹெட்போன் வைத்திருப்பவர்கள் கொண்டுவாருங்கள், எங்களிடம் ஒன்றுதான் இருக்கிறது. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இரண்டு பதிவுகளையும் குழுவில் போடுவோம், போனின் ஸ்பீக்கரில் கேட்காமல் காதில் மாட்டிக் கேட்டுவிட்டுப் பதில் எழுதுங்கள்.